டியூஷன் அக்காவின் லேப்டாப்: மின்ட் 20.3-லிருந்து 22 வரை, நடுவில் ஒரு பாஸ்வேர்டு

கொருக்குப்பேட்டையில் எங்கள் உறவுக்கார அக்கா ஒருவர் டியூஷன் நடத்துகிறார். ஆறாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்பு வரை நாற்பது பிள்ளைகள். மாலை ஐந்தரைக்கு மாடியில் பாய் விரித்தால் எட்டரை வரை நிற்காது. அவரிடம் இருக்கும் லேப்டாப் 2014-இல் வாங்கியது. நான்காம் தலைமுறை ஐ3, 4 ஜிபி ராம், 500 ஜிபி ஹார்ட் டிஸ்க். பேட்டரி எப்போதோ போய்விட்டது, சார்ஜர் செருகியிருந்தால்தான் ஓடும். ஆனால் இத்தனை வருட வினாத்தாள்கள், மதிப்பெண் பட்டியல், ஃபீஸ் கணக்கு, ஆண்டு விழாப் படங்கள் எல்லாம் அதற்குள்தான். வேறு எங்கேயும் ஒரு நகல்கூட இல்லை என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

வாங்கியபோது அதில் விண்டோஸ் 7 இருந்தது. 2020 ஜனவரி 14-ஆம் தேதியோடு அதற்கு வந்துகொண்டிருந்த பாதுகாப்பு அப்டேட் நின்றது. அந்த வருட ஊரடங்கில் அக்காவிடம் முன்பு படித்த ஒரு தம்பி வந்து லினக்ஸ் மின்ட் 20 என்ற இலவச ஆபரேட்டிங் சிஸ்டத்தைப் போட்டுக் கொடுத்திருக்கிறான். (வண்ணாரப்பேட்டைக்காரர்களுக்கு மின்ட் என்றால் வள்ளலார் நகர் பஸ் ஸ்டாண்டுதான். அக்காவின் அம்மா இன்னமும் "அந்த மின்ட்டுக்கார பையன்" என்றுதான் அவனைச் சொல்கிறார்.) பையன் இப்போது வேலைக்காக வெளியூர் போய்விட்டான். மின்ட் 20 வரிசைக்கு ஆதரவு 2025 ஏப்ரலில் முடிந்தது. அக்கா கரண்ட் பில் கட்டுவதிலிருந்து பேங்க் கணக்கு பார்ப்பது வரை அந்த லேப்டாப்பில்தான் செய்கிறார். அப்டேட் வராத சிஸ்டத்தில் அதைச் செய்ய விடுவதற்கு எனக்கு மனசு வரவில்லை. விண்டோஸ் 11 போடலாமா என்று கேட்டார். அதற்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப் வேண்டும், இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறையாவது வேண்டும். இந்த மெஷினுக்கு வாய்ப்பே இல்லை. மின்ட் 22 போட்டால் 2029 ஏப்ரல் வரை கவலையில்லை. அதையே செய்வது என்று முடிவானது.

லேப்டாப்பில் அப்போது இருந்தது 20.3. அதிலிருந்து 22-க்கு ஒரே தாவலில் போக முடியாது. முதலில் 21, அங்கிருந்து 21.3, பிறகு 22. ஒவ்வொரு பெரிய தாவலுக்கும் மின்ட்அப்கிரேட் என்ற கருவி உண்டு. அது முதலில் டைம்ஷிஃப்ட் என்ற காப்புக் கருவியில் ஒரு ஸ்னாப்ஷாட், அதாவது சிஸ்டத்தின் நகல், இருக்கிறதா என்று பார்க்கும், இல்லையென்றால் நகரவே நகராது. நல்ல பழக்கம்தான். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். டைம்ஷிஃப்ட் சிஸ்டம் கோப்புகளைத்தான் காப்பாற்றும். நீங்களாகப் போய்ச் சேர்த்தால் ஒழிய, நம் சொந்தக் கோப்புகள் இருக்கும் ஹோம் ஃபோல்டர் அதில் வராது. ஸ்னாப்ஷாட் எடுத்தாயிற்று என்ற தைரியத்தில் அக்காவின் கோப்புகளை நான் தனியாக நகலெடுக்கவில்லை. இந்த வேலையில் நான் செய்த முதல் தவறு அதுதான்.

ஞாயிற்றுக்கிழமை காலை அக்கா வீட்டிலேயே உட்கார்ந்து 21-க்கான தாவலைத் தொடங்கினேன். லேப்டாப் கீபோர்டில் கைபடாமல், யூஎஸ்பியில் செருகிய பெரிய கீபோர்டில்தான் அக்கா எப்போதும் தட்டுவார். மதிப்பெண் ஏற்றுவதற்கு வலது பக்க எண்கள் வசதி என்று பையன்தான் வாங்கிக் கொடுத்தானாம். நானும் அதிலேயே தட்டினேன். பாஸ்வேர்டு கேட்ட இடத்திலெல்லாம் அக்கா வந்து போட்டுவிட்டுப் போனார். பிரிண்டருக்காக எப்போதோ போட்ட ஒரு பழைய பேக்கேஜ் குறுக்கே நின்றது, அதை நீக்கினேன். மற்றபடி சத்தமில்லாமல் ஓடி மூன்று மணிக்கு முடிந்தது.

ரீஸ்டார்ட் செய் என்று திரையில் வந்தது. நாலு மணிக்குப் பிள்ளைகளுக்கு ஸ்பெஷல் டெஸ்ட். அறையைக் காலி செய்ய வேண்டும். ரீஸ்டார்ட் செய்து பார்க்காமல் ஷட் டவுன் செய்துவிட்டு, மீதியை வீட்டில் பார்க்கிறேன் என்று லேப்டாப்பையும் சார்ஜரையும் எம்.சி. ரோடு துணிக்கடைக் கட்டைப்பையில் வைத்துக்கொண்டு கிளம்பினேன். கீபோர்டு பைக்குள் நுழையவில்லை, அதை அங்கேயே விட்டுவிட்டேன். ரயில்வே கேட் போட்டிருந்தது. கேட் திறக்கும் வரை பையை மடியில் வைத்துக்கொண்டு வண்டியிலேயே உட்கார்ந்திருந்தேன்.

இரவு ஒன்பது மணிக்கு வீட்டில் ஆன் செய்தேன். மின்ட் 21-இன் நுழைவுத் திரை அழகாக வந்தது. அக்காவின் பெயர், அதற்குக் கீழே பாஸ்வேர்டு கட்டம். அக்காவுக்கு போன் போட்டேன்.

"எல்லாமே சின்ன எழுத்துதான் தம்பி, நடுவுல கேப் இல்ல" என்று ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னார்.

போட்டேன். தவறு என்றது. மெதுவாக மறுபடி போட்டேன். தவறு.

"காலைல நீ இருக்கும்போதே நான் அதானப்பா போட்டேன்?"

அதுதானே. காலையில் என் கண் முன்னால்தான் போட்டார். கேப்ஸ்லாக் விளக்கு எரியவில்லை. அடுத்து எனக்கு வந்த சந்தேகம் தமிழ் கீபோர்டு. அக்கா வினாத்தாளெல்லாம் தமிழ்99-இல் அடிக்கிறவர். நுழைவுத் திரையில் மொழி தமிழுக்கு மாறியிருந்தால், நாம் ஆங்கிலம் என்று நினைத்துத் தட்டுவது கட்டத்துக்குள் தமிழ் எழுத்தாக விழும். புள்ளி மட்டும்தான் தெரியும் என்பதால் கண்டுபிடிக்கவும் முடியாது. பலர் இதில் மாட்டியிருக்கிறார்கள். மேல் மூலையில் பார்த்தேன், ஆங்கிலம்தான். அக்கா தமிழில் தட்டுவதற்கு ஐபஸ் என்ற கருவியை வைத்திருக்கிறார், அது உள்ளே நுழைந்த பிறகுதான் வேலை செய்யத் தொடங்கும். ஆக அதுவும் இல்லை.

சரி, அப்கிரேட்தான் ஏதோ செய்துவிட்டது என்று அந்த இடத்தில் நான் முடிவு கட்டிவிட்டேன். அதற்கு ஒரு காரணமும் கையில் இருந்தது. மின்ட்டுக்கு அடித்தளம் உபுண்டு என்ற இன்னொரு லினக்ஸ். மின்ட் 20 நிற்பது உபுண்டு 20.04 மேல், மின்ட் 21 நிற்பது 22.04 மேல். இந்த இரண்டுக்கும் நடுவில் பாஸ்வேர்டைச் சேமித்துவைக்கும் முறை மாறியது. முன்பு எஸ்எச்ஏ-512, இப்போது யெஸ்க்ரிப்ட். பழைய பாஸ்வேர்டு புது முறைக்கு மாறும்போது உடைந்திருக்கும் என்று நானே ஒரு கதையைக் கட்டிக்கொண்டேன்.

உடனே ரெகவரிக்குப் போனேன். பலருக்கும் இது தேவைப்படும் என்பதால் சொல்லிவிடுகிறேன். மெஷின் ஆன் ஆகும்போது ஷிஃப்டை அழுத்திப் பிடித்தால், யூஈஎஃப்ஐ உள்ள மெஷினாக இருந்தால் எஸ்கேப்பைத் தட்டினால், எதை இயக்குவது என்று கேட்கும் க்ரப் மெனு வரும். அதில் அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், அதற்குள் ரெகவரி மோட், அதற்குள் ரூட் (சிஸ்டத்தின் நிர்வாகிக் கணக்கு). என்டர் தட்டினால் கறுப்புத் திரையில் முழு அதிகாரத்தோடு கட்டளை தட்டும் ஒரு ஷெல் கிடைக்கும். பாஸ்வேர்டு எதுவும் கேட்காது. அங்கே டிஸ்க் படிக்க மட்டும் என்ற நிலையில் இருக்கலாம், எழுதும்படி அதை மறுபடி மவுண்ட் செய்ய, அதாவது இணைக்க, வேண்டும். பிறகு பாஸ்வேர்டு மாற்றும் கட்டளையைப் பயனர் பெயரோடு போட்டால், பழையது என்ன என்று கேட்காமல் புதியதை வாங்கிக்கொள்ளும். ஐந்து நிமிட வேலை. உங்கள் லேப்டாப் யார் கையில் கிடைத்தாலும் அவருக்கும் அதே ஐந்து நிமிடம்தான். லாகின் பாஸ்வேர்டு மட்டும் போட்டுவிட்டால் கோப்புகள் பத்திரம் என்று நினைப்பவர்கள் இதை ஒருமுறை செய்து பார்க்க வேண்டும்.

ஷெல்லுக்குள் போனதும் ஷேடோ கோப்பைத் திறந்து பார்த்தேன். பாஸ்வேர்டிலிருந்து கணக்கிட்டு எடுத்த அடையாள வரியான ஹாஷ் அதில்தான் இருக்கும். அக்காவின் பெயருக்கு நேரே டாலர் 6 டாலர் என்று தொடங்கியது. அது எஸ்எச்ஏ-512-இன் அடையாளம். யெஸ்க்ரிப்ட் என்றால் டாலர் ஒய் டாலர் என்று தொடங்கும். அதாவது பழைய ஹாஷ் தொடாமல் அப்படியே இருக்கிறது. புது முறை வந்தாலும் பழைய ஹாஷ் செல்லும், அடுத்த முறை பாஸ்வேர்டு மாற்றும்போதுதான் புது முறையில் எழுதப்படும். இதைப் பார்த்தபோதாவது நான் கையை எடுத்திருக்க வேண்டும். ஹாஷ் அப்படியே இருந்தால் பாஸ்வேர்டும் அதேதான், கோளாறு வேறு எங்கோ இருக்கிறது என்று அது பளிச்சென்று சொல்கிறது. ஆனால் மணி பத்தைத் தாண்டியிருந்தது. இவ்வளவு தூரம் வந்தாயிற்று, புதிதாக ஒன்று வைத்துவிட்டுப் போவோம் என்று தற்காலிகமாகச் சென்னை என்பதையே ஆங்கிலத்தில் ஏழு எழுத்தாக வைத்தேன். ஏற்றுக்கொண்டது.

ரீஸ்டார்ட். நுழைவுத் திரை. சென்னை. தவறு.

நானே வைத்த பாஸ்வேர்டு, இரண்டு நிமிடத்துக்கு முன்னால் வைத்தது, தவறு என்கிறது. வேறு வழி தோன்றாமல் கன்ட்ரோல், ஆல்ட், எஃப்2 மூன்றையும் அழுத்தி எழுத்துத் திரைக்குப் போனேன். அங்கே பயனர் பெயரையும் சென்னையையும் போட்டதும் சட்டென்று உள்ளே விட்டது. அதே பாஸ்வேர்டு, அதே மெஷின். கறுப்புத் திரை ஏற்கிறது, அழகான திரை மறுக்கிறது. இது பெரிய துப்பு. ஆனால் அதைப் பற்றி யோசிக்கவே அப்போது முடியவில்லை. உள்ளே போன பழக்கத்தில் கோப்புகளைப் பட்டியலிடச் சொன்னேன். இரண்டே இரண்டு பெயர்கள் வந்தன. ஒன்று ரீட்மீ. இன்னொன்று 'உங்கள் தனிப்பட்ட தரவை அணுகுங்கள்' என்கிற அர்த்தத்தில் ஆங்கிலப் பெயருள்ள ஒரு ஷார்ட்கட். வேறொன்றும் இல்லை. பத்து வருட வினாத்தாள் இல்லை, ஃபீஸ் கணக்கு இல்லை.

அந்த ஒரு நிமிடத்தை இப்போது நினைத்தாலும் வயிற்றைப் பிசைகிறது. அக்கா என்னை நம்பித்தான் பையைக் கையில் கொடுத்தார்.

ரீட்மீயைத் திறந்து படித்தேன். உங்கள் தரவைப் பாதுகாப்பதற்காக இந்த ஃபோல்டர் அன்மவுண்ட் செய்யப்பட்டிருக்கிறது என்று எழுதியிருந்தது. அப்போதுதான் புரிந்தது. மின்ட் போடும்போது, 'என் ஹோம் ஃபோல்டரை என்க்ரிப்ட் செய்' என்று இன்ஸ்டாலரில் ஒரு கட்டம் வரும். பையன் அதை டிக் செய்திருக்கிறான். உபுண்டு 18.04-இலேயே இந்த வசதியை இன்ஸ்டாலரிலிருந்து எடுத்துவிட்டார்கள், மின்ட் விடாமல் வைத்திருந்தது. நாற்பது பிள்ளைகள் வந்து போகிற அறையில், எல்லாருடைய மார்க்கும் போன் நம்பரும் இருக்கிற லேப்டாப்பில் அவன் அதை டிக் செய்தது சரியான காரியம் என்றே நினைக்கிறேன். அதை அக்காவிடம் சொல்லி வைக்காமல் போனான் என்பது மட்டும்தான் குறை.

டிஸ்க்கில் எவ்வளவு இடம் நிரம்பியிருக்கிறது என்று பார்த்தேன். அறுபது ஜிபிக்கு மேல் அப்படியே இருந்தது. ஹோமுக்குள் மறைவாக இருக்கும், என்க்ரிப்ட் செய்யும் கருவியான இகிரிப்ட்எஃப்எஸ்ஸின் (eCryptfs) ஃபோல்டரில் வாயில் நுழையாத நீளப் பெயர்களோடு கோப்புகள் வரிசையாகக் கிடந்தன. எதுவும் அழியவில்லை, பூட்டியிருக்கிறது. அதற்குப் பிறகுதான் மூச்சு வந்தது. எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து உட்கார்ந்தேன்.

இந்தப் பூட்டு எப்படி வேலை செய்கிறது என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், எல்லாச் சிக்கலும் இதில்தான் இருக்கிறது. நம் கோப்புகள் நம் பாஸ்வேர்டால் பூட்டப்படுவதில்லை. சிஸ்டம் தானாக உருவாக்கிய ஒரு நீளமான சாவி இருக்கிறது, கோப்புகள் அதனால் பூட்டப்பட்டிருக்கின்றன. பீரோ சாவியை ஒரு டப்பாவில் போட்டு டப்பாவுக்கு வேறு ஒரு பூட்டுப் போடுவது மாதிரி, அந்த நீளச் சாவியை நம் லாகின் பாஸ்வேர்டால் சுற்றி ஒரு சின்னக் கோப்பில் வைத்திருப்பார்கள். நாம் லாகின் செய்யும்போது, தட்டிய பாஸ்வேர்டை வைத்தே சிஸ்டம் டப்பாவைத் திறந்து, சாவியை எடுத்து, பீரோவைத் திறந்துவிடுகிறது. ஒரே தட்டில் எல்லாம் நடப்பதால் பூட்டு ஒன்றுதான் என்று நமக்குத் தோன்றுகிறது.

இப்போது பாஸ்வேர்டை மாற்றுகிறோம் என்று வையுங்கள். நம் கணக்கிலிருந்து நாமே மாற்றினால், முதலில் பழைய பாஸ்வேர்டு கேட்கும், பிறகு புதியது கேட்கும். இரண்டும் கையில் இருப்பதால் பழையதால் டப்பாவைத் திறந்து புதியதால் மறுபடி பூட்டி வைத்துவிடும். ஆனால் ரெகவரியில் ரூட்டாக உட்கார்ந்து மாற்றினால் பழையது கேட்கப்படுவதே இல்லை. வாசல் கதவின் பூட்டு மட்டும் மாறுகிறது. டப்பா பழைய பாஸ்வேர்டிலேயே நிற்கிறது. புது பாஸ்வேர்டோடு உள்ளே போனால் வீடு காலியாகத் தெரியும். கட்டளைக்கு முன்னால் சூடோ போட்டுப் பயனர் பெயர் சொல்லி மாற்றினாலும் இதே கதிதான், சூடோ என்றாலே ரூட்தானே.

இதே சங்கதியின் சின்ன வடிவத்தை நான் போன வருடம் திருவொற்றியூரில் ஒரு நண்பர் வீட்டில் பார்த்திருந்தேன், அப்போது புரிந்துகொள்ளவில்லை. அவர் பாஸ்வேர்டை மறந்துவிட்டார், ரெகவரியில் போய் மாற்றிக் கொடுத்தேன். லாகின் ஆனதும் 'லாகின் கீரிங் திறக்கவில்லை' என்று ஒரு பெட்டி வந்து பழைய பாஸ்வேர்டு கேட்டது. கீரிங் என்பதும் இதே மாதிரி லாகின் பாஸ்வேர்டால் பூட்டிய ஒரு டப்பாதான். தொல்லையாக இருக்கிறதே என்று கீரிங் கோப்பை அழித்தேன். பெட்டி வருவது நின்றது. ஆனால் குரோம் தன் பாஸ்வேர்டுகளைப் பூட்ட வைத்திருந்த சாவி அந்தக் கீரிங்கில்தான் இருந்தது. பிரவுசரில் அவர் சேமித்த அத்தனை பாஸ்வேர்டும் அதோடு போயின. ஃபயர்ஃபாக்ஸ் தன் சாவியைத் தன் ப்ரொஃபைலுக்குள்ளேயே வைத்துக்கொள்ளும், அதில் சேமித்தவை மட்டும் பிழைத்தன. வைஃபை பாஸ்வேர்டும் சிஸ்டத்துக்குப் பொதுவாகச் சேமிக்கப்பட்டிருந்ததால் தப்பியது. அந்த நண்பருக்குப் பழைய பாஸ்வேர்டு உண்மையிலேயே நினைவில்லை. அதனால் அழிப்பதைத் தவிர வேறு வழியும் பெரிதாக இருந்திருக்காது. ஆனாலும் என்ன போகப்போகிறது என்று சொல்லிவிட்டு அழித்திருக்க வேண்டும்.

அக்கா விஷயத்தில் நல்லவேளை, பழைய பாஸ்வேர்டு தெரியும். போனில் சொன்னதைக் காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதி வைத்திருந்தேன். சாவியைப் புது பாஸ்வேர்டுக்கு மறுபடி சுற்ற இகிரிப்ட்எஃப்எஸ்ஸில் தனிக் கட்டளையே உண்டு. ஆனால் அதைவிட எளிய வழி கண்ணெதிரே இருந்தது. வாசல் பூட்டைத்தானே நான் மாற்றினேன்? அதைப் பழையபடியே வைத்துவிட்டால் டப்பாவும் கீரிங்கும் தொடாமலே பொருந்திப்போகும். மறுபடி ரெகவரிக்குப் போய் அக்காவின் பழைய பாஸ்வேர்டையே புது பாஸ்வேர்டாக வைத்தேன். எழுத்துத் திரையில் லாகின் செய்து பட்டியல் கேட்டேன். வினாத்தாள், மார்க், ஃபீஸ், விழாப் படங்கள் என்று திரை நிறைய வரிசையாக வந்து நின்றன. வேறு எதையும் தொடாமல் என் எக்ஸ்டர்னல் டிஸ்க்கைச் செருகி முழு ஹோமையும் நகலெடுத்தேன். பழைய ஹார்ட் டிஸ்க், முடிய இரவு ஒன்றரை ஆகிவிட்டது. காலையிலேயே செய்திருக்க வேண்டிய வேலை.

இனி அந்த முதல் கேள்வி. அழகான திரை ஏன் மறுக்கிறது?

மறுநாள் வேலை முடிந்து வந்து நிதானமாக உட்கார்ந்தேன். நுழைவுத் திரையின் மேல் பட்டையில் அணுகல் வசதிகளுக்கான குறி இருக்கிறது. அதில் ஆன்-ஸ்கிரீன் கீபோர்டைத் திறந்து மவுஸால் ஒவ்வொரு எழுத்தாகக் கிளிக் செய்தேன். உள்ளே விட்டது! அப்படியானால் திரையில் கோளாறு இல்லை. என் விரலுக்கும் திரைக்கும் நடுவில் இருக்கும் கீபோர்டில்தான். லாக் அவுட் செய்துவிட்டு ஒவ்வொரு விசையாகக் குனிந்து பார்த்தேன். பழைய கீபோர்டு, எழுத்துகள் மங்கியிருந்தன. ஐ என்ற விசையின் கீழ் மூலையில், எழுத்தைவிடச் சின்னதாக, நீல நிறத்தில் 5 என்று இருந்தது. பக்கத்தில் யூவில் 4, ஓவில் 6. கீழ் வரிசையில் ஜே, கே, எல்லில் 1, 2, 3. எம்மில் 0. லேப்டாப்பின் முன் விளிம்பில், துணியால் துடைத்த பிறகுதான் தெரிகிற அளவுக்குச் சின்னதாக ஒரு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. நம்லாக்.

தனி எண்பகுதி இல்லாத பழைய சின்ன லேப்டாப்புகளில் இப்படி ஒரு ஏற்பாடு உண்டு. நம்லாக் ஆன் ஆனால் வலது கைப் பக்க எழுத்துகளே எண்களாகிவிடும். நான் சென்னை என்று ஆங்கிலத்தில் தட்டியபோது கடைசி எழுத்தான ஐ, 5 ஆகப் போய் விழுந்திருக்கிறது. ஏழு புள்ளி தட்டினால் ஏழு புள்ளிதான் தெரியும், எந்த வித்தியாசமும் கண்ணுக்குப் படாது. அக்காவின் பாஸ்வேர்டில் இந்த எழுத்துகள் நான்கு இருக்கின்றன. எழுத்துத் திரை நம்லாக்கைத் தன் கணக்கில் ஆஃபாக வைத்திருந்ததால் அங்கே மட்டும் சரியாக விழுந்தது.

ஆன் செய்தது யார்? பையன் யூஎஸ்பி கீபோர்டு வாங்கிக் கொடுத்தபோது, வலது பக்க எண்கள் உடனே வேலை செய்ய வேண்டும் என்று லாகின் விண்டோ அமைப்பில் 'நம்லாக்கை ஆன் செய்' என்பதையும் இயக்கி வைத்திருக்கிறான். பெரிய கீபோர்டில் எழுத்துக்கு ஒன்றும் ஆகாது, எண்பகுதி தனியாக இருக்கிறதே. இத்தனை வருடமும் அக்கா அந்தக் கீபோர்டிலேயே தட்டியதால் யாருக்கும் தெரியவில்லை. கட்டைப்பையில் கீபோர்டு நுழையாத அன்றைக்குத்தான் முதல்முறையாக லேப்டாப்பின் சொந்தக் கீபோர்டில் அந்தப் பாஸ்வேர்டு தட்டப்பட்டது. அப்கிரேடுக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. அன்றைக்கு மூன்று மணிக்கு அங்கேயே ரீஸ்டார்ட் செய்து பார்த்திருந்தால் லாகின் ஆகியிருக்கும், கை வைக்கவே நேர்ந்திருக்காது. வீட்டில் தவறு என்று வந்தவுடன் முதல் வேலையாக எழுத்துத் திரையில் பழைய பாஸ்வேர்டைப் போட்டுப் பார்த்திருந்தாலும் அங்கேயே முடிந்திருக்கும். இப்போதெல்லாம் யார் வீட்டு லினக்ஸ் மெஷினில் பாஸ்வேர்டு பிரச்சினை என்றாலும் அதைத்தான் முதலில் செய்கிறேன். ரெகவரிக்குப் போவதற்கு முன்னால் ஹோம் என்க்ரிப்ட் செய்யப்பட்டிருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்கிறேன். ஹோமுக்குள் புள்ளியோடு தொடங்கும் இகிரிப்ட்எஃப்எஸ் ஃபோல்டர் இருந்தால் போதும், ரீசெட் பக்கமே போகக் கூடாது.

எஃப்என்னோடு நம்லாக்கை அழுத்தி விளக்கை அணைத்துவிட்டுப் பாஸ்வேர்டைப் போட்டேன். அக்காவின் டெஸ்க்டாப் வந்தது, பின்னணியில் மெரினாவில் எடுத்த ஆண்டு விழாக் குழுப் படம். கீரிங்கும் எதுவும் கேட்காமல் திறந்துகொண்டது.

மீதித் தாவல்கள் ஒழுங்காக நடந்தன. 21-லிருந்து 21.3-க்கு அப்டேட் மேனேஜரின் எடிட் மெனுவிலிருந்தே போகலாம். 22-க்கு மறுபடி மின்ட்அப்கிரேட். பேட்டரி இல்லாத மெஷின் என்பதால் கரண்ட் போய்விட்டால் பாதியில் நின்றுவிடுமே என்று இரண்டு முறையும் இன்வெர்ட்டர் லைனில் செருகித்தான் ஓட்டினேன். ஒவ்வொரு தாவல் முடிந்ததும் ரீஸ்டார்ட், லாகின், ஹோமில் கோப்புகள் இருக்கின்றனவா, பிரவுசர் பாஸ்வேர்டு இருக்கிறதா என்று பார்த்த பிறகே அடுத்தது. மூன்று நாள் என்று சொல்லி வாங்கிய வேலைக்கு ஏழு நாள் ஆனது.

அடுத்த ஞாயிறு கொண்டுபோய்க் கொடுத்தபோது நடந்ததை ஒன்று விடாமல் அக்காவிடம் சொன்னேன். கோப்புகளெல்லாம் கொஞ்ச நேரம் காணாமல் போயிருந்தன என்றதும் முகம் வாடிவிட்டது. "என்கிட்ட அன்னிக்கே சொல்லியிருக்கலாமே தம்பி, நானும் சாமியக் கும்பிட்டிருப்பேன்ல" என்றார். பிறகு அவரே, "அந்த பாஸ்வேர்டு பசங்க பாதிப் பேருக்குத் தெரியும். மாத்திடலாமா?" என்று கேட்டார்.

அவரையே உட்கார வைத்து மாற்றச் சொன்னேன். டெர்மினலைத் திறந்து, சூடோ போடாமல், அவர் கணக்கிலேயே பாஸ்வேர்டு மாற்றும் கட்டளை. இப்போது இருக்கும் பாஸ்வேர்டு என்ன என்று கேட்டது. தட்டும்போது ஒரு புள்ளிகூடத் திரையில் வராததால் கீபோர்டு வேலை செய்யவில்லை என்று கையை எடுத்துவிட்டார். பரவாயில்லை, தட்டுங்கள் என்றேன். புதியதை இரண்டு முறை கேட்டு வாங்கிக்கொண்டது. ரீஸ்டார்ட் செய்து புதியதைப் போட்டதும் வாசலும் டப்பாவும் கீரிங்கும் ஒன்றாகத் திறந்தன. அப்புறம் அந்த நீளச் சாவியையும் ஒருமுறை திரையில் வரவழைத்தோம். 32 எழுத்தும் எண்ணும் கலந்த ஒரு வரி. என்றைக்காவது பாஸ்வேர்டு மறந்துபோனாலும் இந்த வரி இருந்தால் கோப்புகளை மீட்டுவிடலாம். அக்கா அதை ஃபீஸ் நோட்டின் பின்பக்கத்தில் எழுதப் போனார். பிள்ளைகள் கையில் புழங்குகிற நோட்டு வேண்டாம் என்று தடுத்தேன். தனித் தாளில் எழுதி, நாலு நாலாகப் பிரித்து இருவரும் சரிபார்த்து, ரேஷன் கார்டு இருக்கிற பீரோ லாக்கரில் வைத்தோம். ஹோமின் நகல் ஒன்றையும் புது ஹார்ட் டிஸ்க்கில் போட்டு அதன் பக்கத்திலேயே வைத்தார்.

கடைசியாக லாகின் விண்டோ அமைப்பில் அந்த நம்லாக் தேர்வை எடுத்துவிட்டேன். இனி மார்க் ஏற்றும்போது பெரிய கீபோர்டில் ஒவ்வொரு நாளும் நம்லாக்கை அவரே ஒருமுறை அழுத்த வேண்டியிருக்கும். எது என்று காட்டச் சொன்னார். காட்டினேன். நெற்றியில் இருந்த ஸ்டிக்கர் பொட்டை எடுத்து அந்த விசை மேல் ஒட்டிக்கொண்டார்.